ஏழாவது நிபந்தனை

ஜூன் 3, செவ்வாய்

கல்லூரி திறந்துவிட்டது. மூன்றாம் ஆண்டில் அறுபத்திரண்டு பேர், மின்விசிறிகள் நான்கு, அதில் ஓடுவது இரண்டு. பலகையில் 'பன்னாட்டுத் தனியார் சட்டம்' என்று எழுதியதும் கடைசி பெஞ்சில் ஒருவன் கொட்டாவி விட்டான். பதினெட்டு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். பையன்கள் மாறுகிறார்கள், அந்தக் கொட்டாவி மாறுவதில்லை.

ஆனாலும் நல்ல நாள்தான். ஆகஸ்டில் இங்கே சென்னையிலேயே நடக்கும் மாநாட்டுக்கு என் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தாயோ தந்தையோ, மற்றவரைக் கேட்காமல் குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன செய்வது என்பது பொருள். ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் என்றால் விடை எளிது. குழந்தை எங்கே வளர்ந்ததோ அந்த நாட்டுக்கு ஆறு வாரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். இந்தியா அதில் சேரவில்லை. அதனால் இங்கே ஒவ்வொரு வழக்கிலும் குழந்தையின் நலன் எது என்று அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். தீர்ப்பு வருவதற்குள் குழந்தைக்கு மீசை முளைத்துவிடுகிறது.

இந்தியா சேர வேண்டும் என்பது என் கட்சி. 'முதலில் அனுப்பு, பிறகு பேசு' என்று கட்டுரையில் ஒரு வரி வைத்திருக்கிறேன். என் மனைவி செண்பகா அதைப் படித்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டு போர்டு மாதிரி இருக்கு" என்றாள். வங்கியில் வேலை பார்ப்பவளுக்கு நடையழகு எங்கே புரியப்போகிறது.

தங்கை கோமதி ஜூலையில் மகளோடு லீவுக்கு வருகிறாள். அவர்கள் இருப்பது நெதர்லாந்தில், டெல்ஃப்ட் என்ற ஊரில். ஹேக் நகரத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரம். டிக்கெட் விஷயமாக ஒரு யோசனை கேட்டிருந்தாள், சொன்னேன். அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 11, புதன்

ஆர்.ஓ. ஃபில்டர் சர்வீஸ் ஆள் வந்துபோனார். கல்லூரிக்குப் போகும் வழியில், தெருமுனைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று சும்மா விசாரித்தேன். இருக்கிறதாம்.

ஜூலை 20, ஞாயிறு

வந்துவிட்டார்கள். கோமதி மெலிந்திருக்கிறாள். விமானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. மிருதுளாவுக்கு ஏழு வயது ஆகப்போகிறது, முன்பல் ஒன்று ஆடுகிறது. தமிழ் நன்றாகவே பேசுகிறாள், கோபம் வந்தால் மட்டும் டச்சு. மாப்பிள்ளை ராஜவேலுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 29 திரும்பும் டிக்கெட்.

பெட்டியைப் பிரித்தபோது கோமதியின் பி.இ. சர்டிபிகேட்டும் குழந்தையின் தடுப்பூசிப் புத்தகமும் மேலேயே இருந்தன. "லீவுக்கு வர்றவ இதெல்லாம் எதுக்கு தூக்கிட்டு வரா?" என்று செண்பகா சமையலறையில் என்னிடம் கேட்டாள். புளியை ஊறப்போட்டாயா என்று கேட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

எனக்கு ஒரு கட்டியக்காரி கிடைத்திருக்கிறாள். என் ஸ்கூட்டர் தெருவில் திரும்பும்போதே, பால்கனியில் நிற்கும் மிருதுளா உள்ளே ஓடி, "மாமா வந்தாச்சு" என்று ஒவ்வொரு அறையாகச் சொல்லிவிடுகிறாள். நான் மூன்றாவது மாடி ஏறி வருவதற்குள் வீடே தயாராகிவிடுகிறது. பதினெட்டு வருட சர்வீஸில் பிரின்சிபால்கூட என் வரவை இப்படிக் கவனித்ததில்லை. உள்ளே வந்தால் கோமதி டி.வி.யை அணைத்துவிட்டு எழுந்து நிற்கிறாள். "உக்காரு கோமதி, நான் என்ன ஹெட்மாஸ்டரா?" என்றேன். சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

மாநாடு. கட்டுரை வாசித்தேன், நன்றாகப் போனது. ஜப்பான் எத்தனை வருடம் தயங்கிவிட்டுப் பிறகு சேர்ந்தது என்ற பகுதியில் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் தலையாட்டிக் குறிப்பெடுத்தார்.

கேள்வி நேரத்தில் ஜரீனா எழுந்தாள். சட்டக்கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவள், இப்போது உயர்நீதிமன்றத்தில் குடும்ப வழக்குகள் நடத்துகிறாள். "குழந்தையைத் தூக்கிட்டு ஓடுறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அம்மாக்கள். இந்த உடன்படிக்கை எழுதினப்போ அப்பாக்கள்தான் தூக்கிட்டுப் போவாங்கன்னு நினைச்சு எழுதினாங்க. எதுக்கு ஓடுறாங்கன்னு உங்க கட்டுரையில எந்தப் பக்கத்துல இருக்கு, நெல்லையப்பன் சார்?"

'கடுமையான ஆபத்து' இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று உடன்படிக்கையிலேயே விதிவிலக்கு இருக்கிறதே என்றேன். "அதை அவ எப்படி நிரூபிப்பா?" என்றாள். நேரமாகிவிட்டதாகத் தலைவர் மணி அடித்தார். நல்ல மனிதர்.

வீட்டில் கோமதி, "கூட்டம் எப்படி அண்ணன் இருந்துச்சு?" என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். எதைப் பற்றிப் பேசினாய் என்று கேட்கவில்லை. கட்டுரை சாப்பாட்டு மேசையில்தான் ஒரு வாரமாகக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஹேக் அமைதி அரண்மனை முன்னால் நான் நிற்கும் படம் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. இன்று அதைத் துடைத்தேன். நான்கு வருடத்துக்கு முன் கோமதி வீட்டில் மூன்று நாள் தங்கினேன். பகலெல்லாம் அந்த நூலகத்தில் இருந்தேன். ஒருநாள் மாலை, பால் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் கோமதி ராஜவேலுக்கு போன் செய்து கேட்டுவிட்டுப் போனாள். எவ்வளவு ஒற்றுமையான தம்பதி என்று ஊருக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விமானம் போய்விட்டது. கோமதி இட்லிக்கு மாவு அரைத்தாள்.

செப்டம்பர் 1, திங்கள்

மிருதுளா தெருமுனைப் பள்ளியில் சேர்ந்தாள். யூனிஃபார்ம் இரண்டு செட்.

செப்டம்பர் 8, திங்கள்

ராஜவேல் என் எண்ணுக்குக் கூப்பிட்டார்.

"மச்சான், மிருதுவுக்கு ஜொரம்னு சொன்னா. அதனால ஏறலன்னா. பத்து நாளா என்ன ஜொரம்?"

"டாக்டர்ட்ட கேட்டுச் சொல்றேன் மாப்ளே."

"நீங்க லா படிச்சவங்க. உங்ககிட்ட நான் தனியா சொல்ல வேண்டாம்."

பிறகு மகளிடம் பேச வேண்டும் என்றார். கொடுத்தேன். இருபது நிமிடம் டச்சில் ஒரே சிரிப்பு. விழுந்த பல்லின் இடத்தைக் கேமராவில் காட்டினாள். வைக்கும்போது முத்தம் கொடுத்தாள். அப்பா மீது உயிராகத்தான் இருக்கிறாள். எனக்குச் சங்கடமாக இருந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

நோட்டீஸ் வந்துவிட்டது. குழந்தையை அழைத்துவரச் சொல்லி அங்குள்ள நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. அதை வைத்து ராஜவேல் இங்கே உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டிருக்கிறார். சென்னைக்கே வந்துவிட்டார், எழும்பூரில் ஒரு ஹோட்டலில் இருக்கிறாராம். இப்படிப்பட்ட மனுக்களை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் தங்கையின் பெயர் இருந்தால் படிக்க நேரம் பிடிக்கிறது.

மனு ஜெயித்தால் மிருதுளா சில வாரத்தில் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும். கோமதி கூடப் போகலாம், அதே வீட்டுக்கு. போகாவிட்டால் பிள்ளை இல்லை.

ஜரீனாவைக் கூப்பிட்டேன். "வா, வா. மாநாட்டுல மணி அடிச்சுட்டாங்க, என் ஆபீஸ்ல மணி கிடையாது" என்றாள்.

செப்டம்பர் 25, வியாழன்

தம்புச்செட்டித் தெருவில் ஜரீனாவின் அலுவலகம். பதில் பிரமாணப் பத்திரம் எழுத உட்கார்ந்தோம்.

கோமதி தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். ஏ.டி.எம். கார்டு அவளிடம் இல்லை. பாஸ்போர்ட் இரண்டும் ராஜவேலின் ஆபீஸ் பைக்குள். போனை மாலையில் அவர் வாங்கிப் பார்ப்பார், அதற்குள் இவள் மெசேஜ்களை அழித்துவிடுவாள். யாரிடம் எத்தனை நிமிடம் பேசினாய் என்று கேட்பார். அடித்ததில்லை. ஒருமுறை தட்டு சுவரில் பறந்தது. மற்றபடி சத்தம்தான். "சத்தம்னா, பக்கத்து வீட்டு லைட்டு எரியும் மேடம்" என்றாள்.

இதற்குப் போலீஸ் புகார், டாக்டர் சீட்டு ஏதாவது உண்டா என்று ஜரீனா கேட்டாள். இல்லை. அப்போதுதான் நான் குறுக்கிட்டேன். நிரூபிக்க முடியாத பயத்தைக் கோர்ட்டில் வைத்தால், வழக்கு வந்தபிறகு ஜோடித்த கதை என்று தள்ளிவிடுவார்கள். ராஜவேலின் சம்மதத்தோடு நிரந்தரமாக இந்தியா வந்தாள் என்று வைப்பதே சட்டப்படி பலம் என்றேன்.

"அவர் சம்மதிச்சாரா?" என்று ஜரீனா கோமதியைக் கேட்டாள். கோமதி என்னைப் பார்த்தாள்.

"பேச்சுவாக்குல சம்மதிச்ச மாதிரிதான்" என்றேன்.

ஜரீனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் எழுதுவேன். கையெழுத்துப் போடப்போறது கோமதி. யோசிச்சுக்கங்க."

கோமதி போட்டாள். ஆட்டோவில் திரும்பினோம். பூக்கடையில் நல்ல நெரிசல்.

அக்டோபர் 6, திங்கள்

இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு. மூத்தவர் ஒரு பெண். ராஜவேலுக்காக வந்த சீனியர் வக்கீல் ஐந்து நிமிடம்தான் பேசினார்.

"எதிர்மனுதாரர் நிரந்தரமாகக் குடியேற வந்ததாகச் சத்தியம் செய்கிறார். நிரந்தரமாக வருகிறவர் எதற்குத் திரும்பும் டிக்கெட் எடுத்தார்?" டிக்கெட் நகலை மேலே கொடுத்தார். அம்மையார் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நகர்த்தினார். ஜரீனா ஏதோ சொன்னாள். அவளுக்கே அது எடுபடவில்லை என்று தெரிந்தது.

பிறகு சீனியர் என் கட்டுரையை எடுத்தார். பக்க எண் சொல்லி, அடிக்குறிப்போடு படித்தார். இவ்வளவு கவனமாக அதை இதுவரை யாரும் படித்ததில்லை. "முதலில் அனுப்பு, பிறகு பேசு" என்ற இடத்தில் நிறுத்தினார். எழுதியவர் யார் என்று அம்மையார் கேட்டார்.

"எதிர்மனுதாரரின் சொந்த அண்ணன், மை லேடி. பின்வரிசையில்தான் இருக்கிறார்."

எல்லாரும் திரும்பினார்கள். என் மாணவர்கள் நான்கு பேர் கோட்டு போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார்கள். கடைசி பெஞ்சுக்காரன் இன்று கொட்டாவி விடவில்லை. 28ஆம் தேதிக்கு ஒத்திவைத்தார்கள்.

அக்டோபர் 8, புதன்

செண்பகா காலையில் காபியை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து காபி கொடுத்தால் விஷயம் பெரியது.

"மே மாசம் கோமதி உங்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனா இல்ல?"

"யார் சொன்னா?"

"அவதான். 'அண்ணன் கேட்டுட்டு ரிட்டர்ன் டிக்கெட் போடச் சொல்லுச்சு மைனி'ன்னா. பயத்துக்கு சாட்சி இல்ல, சாட்சி இல்லங்கீங்க. சாட்சி உங்க சட்டப் பையில தான இருக்கு?"

ஆக, இங்கே எழுதிவிடுகிறேன். மே 16ஆம் தேதி, விடுமுறைச் சிறப்பு வகுப்புக்குப் போகும்போது கல்லூரி வராண்டாவில் அதைக் கேட்டேன். சொல்லாமல் வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாள். பெல் அடித்தது. நான் தட்டிய பதில் இது: 'ரிட்டர்ன் டிக்கெட் போடு. லீவு என்று சொல். அப்போதுதான் பாஸ்போர்ட் கைக்கு வரும். மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.' தட்டிவிட்டு உள்ளே போனேன். அன்று நடத்திய பாடம்கூட நினைவிருக்கிறது, குழந்தைகளைத் திருப்பி அனுப்புதல்.

அதைத் தாக்கல் செய்தால் சம்மதக் கதை கிழிந்துவிடும் என்று செண்பகாவுக்கு விளக்கினேன். குழந்தையைத் தந்தைக்குத் தெரியாமல் கொண்டுவரத் திட்டம் போட்டது வெளிப்படும். போட்டது யார் என்பதும். அதே சமயம், வழக்குக்கு நான்கு மாதம் முன்பே பயம் இருந்தது என்பதற்கு வேறு ஆதாரமும் கிடையாது.

"கோமதிக்கு நல்லதா, கெட்டதா? அத மட்டும் சொல்லுங்க."

"ரெண்டும்தான்."

"உங்களுக்கு?"

நான் காபியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அக்டோபர் 11, சனி

ஜரீனாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, வேலையைப் பார்ப்போம்" என்றாள். போனில் உள்ளது சாட்சியாக வேண்டுமென்றால், அது மாற்றப்படாதது என்று போனின் சொந்தக்காரர் சான்றிதழ் தர வேண்டும். கூடவே பேச்சை முழுமையாக எழுதி வைக்க வேண்டும். "ஒரு சொல் விடாம எழுது. தண்ணி சத்தம் கேட்டா தண்ணி சத்தம்னு எழுது. நீயா சுருக்கிடாதே" என்றாள்.

காலை பத்து மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். செய்தியின் நீளம் ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி. மே மாதம் நான் ஒரு நிமிடம் கேட்டிருப்பேன். அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

எழுதியதை இங்கேயும் ஒட்டிவைக்கிறேன்.

(குழாயில் தண்ணீர் விழும் சத்தம், தொடர்ந்து.) "அண்ணன், நான்தான். மெதுவாப் பேசுறேன், கேக்குதா தெரியல. நான் அங்க வந்துரட்டா? இவங்ககிட்ட சொல்லாம வரணும். சொன்னா விடமாட்டாங்க. பாஸ்போர்ட்டு ரெண்டும் அவங்க பைக்குள்ள இருக்கு. எனக்கு பயமா இருக்குண்ணே. என்ன பயம்னு கேட்டா சொல்லத் தெரியல. சாயங்காலம் ஆனா ஒரு வேலையும் ஓடல. நீ சட்டம் படிச்சவன், எப்படி வரணும்னு நீ சொல்லு. அம்மாகிட்ட சொல்லாத." (பதினோரு விநாடி பேச்சில்லை. தண்ணீர் சத்தம். அழுகை போல.) "மைனிய கேட்டேன்னு சொல்லு." (கதவு தட்டும் சத்தம், இரண்டு முறை, மெதுவாக. குழந்தையின் குரல்.) "அம்மா, கார் வந்துடுச்சு. தண்ணிய நிப்பாட்டு." (தண்ணீர் நிற்கிறது.)

கடைசிப் பகுதியைச் சரிபார்க்கப் பதினைந்து முறையாவது கேட்டிருப்பேன். குரலில் பதற்றமே இல்லை. பள்ளிக்கு நேரமாச்சு என்று சொல்வதுபோலச் சொல்கிறாள். தினமும் செய்கிற வேலை. ஏழு வயதாகாத பிள்ளை ஜன்னலில் காவல் நின்றிருக்கிறாள். குழாய் எதற்காகத் திறந்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூலையிலிருந்து என் ஸ்கூட்டருக்கும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். நான் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அழுதேன். செண்பகா என்ன என்று கேட்கவில்லை. காகிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு அவளும் அழுதாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

கோமதியிடம் காகிதத்தைக் கொடுத்தேன். தாக்கல் செய்யலாமா, வேண்டாமா என்பது அவள் முடிவு, வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன். முன்பு போட்ட பிரமாணப் பத்திரம் தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும், நீதிபதிகளுக்குக் கோபம் வரலாம், பிள்ளையை அனுப்பிவிடும் அபாயமும் உண்டு என்று எதையும் மறைக்காமல் சொன்னேன்.

கடைசி வரிக்கு வந்ததும் விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இத அவ சொன்னது எனக்கு ஞாபகமே இல்லண்ணே. தினம் சொல்லுவா, அதனால."

பிறகு சொன்னாள்: "கையெழுத்துப் போடும்போதே எனக்குப் புடிக்கல. நீ சொன்னேன்னு போட்டேன். அங்க அவங்க சொன்னதுக்குப் போட்டேன், இங்க நீ சொன்னதுக்கு. இது நானே போடுறேன். குடு."

இந்த அடியை நான் வாங்கத்தான் வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

தாக்கல் ஆனது. கூடவே என் தனிப் பிரமாணப் பத்திரமும்: யோசனை என்னுடையது, சம்மதம் என்று சொல்லவைத்ததும் நான். பிற்பகல் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார். "ஏழு நாளுக்குள் விளக்கம் கொடுங்க சார்" என்று கடிதத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டு நான்காம் பீரியட் எடுக்கப் போனேன். வகுப்பில் ஒருத்தி எழுந்து, "சார், நீங்க இன்னமும் இந்தியா கையெழுத்துப் போடணும்னுதான் சொல்வீங்களா?" என்று கேட்டாள். போட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. அது போதவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மிருதுளா கம்பி மத்தாப்போடு சரி. அப்பாவுக்கு ஒரு டப்பாவில் அதிரசம் எடுத்துவைக்கச் சொன்னாள். செண்பகா ஹோட்டலுக்குக் கொடுத்தனுப்பினாள். வக்கீலைக் கேட்க வேண்டாமா என்றேன். "அதிரசத்துக்கெல்லாம் வக்கீலா?" என்றாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

நீதிபதிகள் அறையில் விசாரணை. அம்மையார் முதலில் மிருதுளாவைத் தனியாக உள்ளே அழைத்து இருபத்தைந்து நிமிடம் பேசினார். வெளியே வந்தவள் கையில் ஒரு சாக்லேட். பிறகு எங்களை அழைத்தார்கள்: கோமதி, ராஜவேல், இரண்டு பக்க வக்கீல்கள், நான். மிருதுளாவைச் செண்பகா வராண்டாவுக்கு அழைத்துப்போனாள்.

சம்மதக் கதைக்காக முதலில் எனக்குக் கிடைத்தது. "நீங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்" என்றார் அம்மையார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். சீனியரும் விடவில்லை. கட்டுரையில் ஒன்று, தங்கைக்கு ஒன்று என்றார். உண்மைதான் என்றேன்.

பிறகு பதிவைப் போட்டார்கள். தண்ணீர் சத்தம் வந்ததும் ராஜவேல் நிமிர்ந்தார். "பாத்ரூம்ல குழாய் ரிப்பேர், அதுவா ஓடும்" என்று தன் வக்கீலிடம் மெதுவாகச் சொன்னார். கோமதி பேசியபோது முகத்தை இறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் மகளின் குரல் வந்தது. தண்ணீர் நின்றது.

"இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்க" என்றார்.

போட்டார்கள்.

"நான் அடிச்சதே இல்ல மேடம்."

"அடிச்சீங்கன்னு இந்தக் குரல் சொல்லலையே" என்றார் அம்மையார்.

ராஜவேல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரை வில்லனாக்கி வைத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மகள் தன் காருக்குக் காவல் நின்றது அவருக்கு நிஜமாகவே தெரியாது. கோமதி எழுந்துபோய் அவர் அருகில் தண்ணீர் கிளாஸை நகர்த்திவைத்துவிட்டு, தன் நாற்காலிக்கே திரும்பி வந்தாள்.

அம்மையார் இரு தரப்பையும் பேசச் சொன்னார். உத்தரவு போட்டால் யாராவது ஒருவர் மேல்முறையீடு போவீர்கள், அதுவரை பிள்ளை எங்கே நிற்பாள் என்று கேட்டார். மிருதுளா அவரிடம் சொன்ன ஒன்றை மட்டும் எங்களுக்குச் சொன்னார். அப்பா வர வேண்டுமாம். ஆனால் சொல்லிவிட்டு வர வேண்டுமாம்.

நவம்பர் 6, வியாழன்

உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சமரச மையம். மூன்றாவது நாள் பேச்சு. நிபந்தனைகள் எட்டு.

பள்ளி வருடம் முடியும்வரை மிருதுளா இங்கே இருப்பாள். அதற்குள் அங்குள்ள நீதிமன்றமும் இதே வாசகத்தில் உத்தரவு போட வேண்டும். இரண்டு நாட்டிலும் ஒரே உத்தரவு இருந்தால்தான் எல்லை தாண்டியதும் அது செல்லாக்காசாகாது. இந்த ஏற்பாட்டைப் பற்றி உலகமெங்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நானும் அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அதன்பிறகு கோமதியும் மகளும் டெல்ஃப்டுக்குத் திரும்புவார்கள், தனி வீட்டுக்கு. பாஸ்போர்ட் கோமதியிடம். அவள் வேலைக்குப் போகத் தடையில்லை. அதுவரை ராஜவேல் தினமும் வீடியோவில் பேசலாம், சென்னையில் இருக்கும் நாட்களில் வந்து பார்க்கலாம்.

"வேற வீடுன்னா போறேன். அவளுக்கு அப்பா வேணும்" என்று கோமதி ஒரே மூச்சில் சொன்னாள். யாரையும் பார்த்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஏழாவது நிபந்தனையில் தகராறு வந்தது. 'தந்தை மகளைக் காண வருமுன் ஒரு மணி நேரம் முன்பாகத் தகவல் தர வேண்டும். எங்கும் முன்னறிவிப்பின்றி வரக்கூடாது.' ராஜவேலின் ஜூனியர் வக்கீல் இதற்கு ஒப்பவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்க அப்பாயின்ட்மெண்டா, இது அவமானம், எந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது என்றார். என் பக்கம் திரும்பி, "சார் சொல்லட்டும். எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல" என்றேன். எனக்குத் தெரிந்தவரை எங்கும் இல்லை.

ராஜவேல் காகிதத்தை வாங்கி அந்த வரியைப் படித்தார். திரும்பப் படித்தார்.

"மச்சான், எத்தன நாளா அவ ஜன்னல்ல நின்னா?"

"கோமதியக் கேளுங்க மாப்ளே."

கோமதியை அவர் பார்க்கவில்லை. கேட்கவுமில்லை. ஆனால் அவளே சொன்னாள்: "நாலு வயசுல இருந்து."

ராஜவேல் பேனாவை எடுத்து 'ஒரு மணி நேரம் முன்பாக' என்பதை அடித்தார். ஜூனியர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அடித்ததற்கு மேலே, 'முந்தின நாளே' என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து.

மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். மிருதுளா பால்கனியிலிருந்து உள்ளே ஓடிவந்து எல்லாரையும் பார்த்தாள்.

"அப்பா வருவாரா?"

கோமதி அவளருகில் தரையில் உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கெழம வருவாங்க. காலைல பத்து மணிக்கு. இனிமே எப்ப வந்தாலும் முந்தின நாளே சொல்லிட்டுத்தான் வருவாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுருக்காங்க."

"நாளைக்கு வரமாட்டாரா?"

"மாட்டாங்க."

"இன்னைக்கும்?"

"இன்னைக்கும்தான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பால்கனியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் கீழ வெளையாடப் போகட்டா?"

போகச் சொன்னோம்.